முதலாளி முதலில் லீவு போடட்டும்

எழுபது, தொண்ணூறு என்று ஏலம் போட்ட கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இந்த நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. அவர் 90 என்று ஏற்றிக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலைக்குக் கூப்பிட முடியவில்லையே என்று அவருக்கு வருத்தமாம். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வேறு கேட்டுவிட்டார். அப்புறம் என்ன, நாடே திட்டித் தீர்த்தது. 2023-24இல் அவர் வாங்கிய சம்பளம் சுமார் 51 கோடி, அந்தக் கம்பெனியில் நடுவாந்திரமான சம்பளம் வாங்குபவரைப் போல 534 மடங்கு என்று ஆண்டறிக்கையைப் புரட்டிக் கண்டுபிடித்துப் போட்டார்கள்.

திட்டியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் என் பங்குக்குத் திட்டியவன்தான். ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. அதே பேச்சில், நானும் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. எதிர்த்தவர்கள்கூட, "நீங்கள் பாருங்கள் சார், உங்களுக்கு 51 கோடி வருகிறது, எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள்" என்றுதான் கேட்டார்கள். அதாவது தலைவர் ஞாயிற்றுக்கிழமை உழைப்பது நல்ல விஷயம், பெருமைப்பட வேண்டிய விஷயம், நம்மை மட்டும் விட்டுவிட்டால் போதும்!

என் சண்டையே அங்கேதான். லீவே போடாத தலைவர் கடும் உழைப்பாளி இல்லை, அவர் அந்த நிறுவனத்துக்கு ஒரு ஆபத்து. இதை நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பி.காம் படிக்கிறவன் எவனும் ஆடிட்டிங் பேப்பரில் இதைப் படித்துத்தான் பாஸ் பண்ணியிருப்பான்.

இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் வரும். ஒருவர் செய்த வேலை தானாகவே இன்னொருவர் கண்ணில் பட்டாக வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சாரம். அதில் ஒரு பாயிண்ட், காசாளர் போன்ற ஆட்களைக் கட்டாயமாக வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் அனுப்ப வேண்டும். ஏனென்றால் தப்புக் கணக்கு எழுதுகிறவனுக்கு லீவு போட முடியாது. அவன் நாற்காலியில் வேறு ஒருவன் பத்து நாள் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும். "பதினைந்து வருஷமா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை சார், தங்கமான மனுஷன்" என்று முதலாளி சொல்லும்போது ஆடிட்டர் புன்னகைக்க மாட்டார். அந்த மனுஷனின் வவுச்சர்களை முதலில் எடுக்கச் சொல்வார்.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தால் 2008 ஜனவரியைப் பாருங்கள். பிரான்சின் சொசியெத்தே ஜெனரால் வங்கி ஒரே ஆளின் கள்ள வியாபாரத்தால் 490 கோடி யூரோ நஷ்டம் என்று அறிவித்தது. ஜெரோம் கெர்வியெல் என்ற டிரேடர் வங்கிக்குத் தெரியாமல் கட்டியிருந்த பந்தயத்தின் அளவு சுமார் 5,000 கோடி யூரோ. 2007-ஆம் வருஷம் முழுக்க அந்த ஆள் போட்ட லீவு நான்கு நாள். ஒரு டிரேடர் லீவே போடவில்லை என்றால் தன் கணக்கை இன்னொருவரிடம் கொடுக்க அவனுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம், இதையாவது மேலதிகாரிகள் கவனித்திருக்க வேண்டும் என்ற பொருளில் பிறகு விசாரணையில் அவரே சொன்னார். திருடனே வந்து பாடம் எடுத்த கதை!

நம் ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை வருஷத்துக்கு ஒரு முறை, சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள், முன்னறிவிப்பு இல்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. அந்த நாட்களில் அலுவலக ஈமெயில் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக்கூடாது. போகிறாயா என்று கேட்பதெல்லாம் கிடையாது. போ, அவ்வளவுதான்.

சரி, இது கிளார்க்குக்கும் டிரேடருக்கும். தலைவருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். தலைவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை (சிலர் இருக்கிறார்கள், அது வேறு கட்டுரை). ஆனால் லீவு வெளியே கொண்டுவருவது திருட்டை மட்டும் இல்லை. எந்த முடிவு அவர் மேஜையிலேயே தூங்குகிறது, எந்த மேனேஜருக்கு அவர் தலையசைக்காமல் ஒரு பென்சில்கூட வாங்கத் தெரியாது, எந்த வாடிக்கையாளர் அவர் போனை எடுத்தால்தான் பேசுவார், இதெல்லாம் அவர் இல்லாத பத்து நாளில்தான் தெரியும். அவர் இருக்கும்போது எதுவுமே தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டையிலும் அவர் கையை வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் நாம் கடும் உழைப்பு என்கிறோம்.

இதற்கு ஒரு நிஜக் கதை. லண்டனில் லாயிட்ஸ் என்று ஒரு வங்கி. 2008 நெருக்கடியில் மூழ்கப் போனதை அரசாங்கம் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியது, சுமார் 40 சதவீதப் பங்கு அரசாங்கத்தின் கையில். அதை நிமிர்த்த 2011 மார்ச்சில் அன்டோனியோ ஹோர்ட்டா-ஒசோரியோ என்ற போர்த்துக்கீசியரைத் தலைமைப் பதவிக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் தானே பார்க்கிற ஆள் என்று பெயர் எடுத்தவர். எட்டே மாதம். தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்க விழித்திருந்து காலையில் வங்கிக்குப் போவது, மறுபடி விழித்திருப்பது. 2011 நவம்பரில், டாக்டர்கள் ஓய்வு எடுக்கச் சொல்கிறார்கள், லீவில் போகிறார் என்று வங்கி அறிவித்தது. அன்றைக்கே பங்கு விலை சரிந்தது.

பங்கு விலை சரிந்ததை வைத்துப் பார்த்தால் லீவு போட்டது தப்பு என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரு மனுஷன் தூங்கப் போனதற்கு ஒரு நாட்டின் பெரிய வங்கி ஆடுகிறது என்றால், கோளாறு அவர் தூங்கப் போனதில் இல்லை. எல்லாச் சுமையையும் அந்த ஒரு ஆளின் தலையில் ஏற்றி வைத்ததில் இருக்கிறது. அந்தக் கோளாறு அதற்கு முந்தின நாளும் இருந்தது, மார்க்கெட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு என்ன ஆனது? அவர் இல்லாத வாரங்களில் நிதிப் பொறுப்பில் இருந்த டிம் டூக்கி தலைமை வேலையைப் பார்த்தார். வங்கி ஓடியது. 2012 ஜனவரியில் அவர் திரும்பி வந்தார். திரும்பி வந்ததும் தன்னிடம் நேரடியாக வந்து நிற்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார், அந்த வருஷ போனஸ் எனக்கு வேண்டாம் என்றார். பிற்பாடு மேல்மட்ட அதிகாரிகளின் மனநலத்துக்கென்றே வங்கியில் ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தார். 2017 மே மாதம் அரசாங்கம் தன் கடைசிப் பங்கையும் விற்று, போட்ட பணத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டு வெளியேறியது. அவர் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தார். லீவு போட்டதால்தான் இவ்வளவும் நடந்தது என்று அளக்க மாட்டேன். ஆனால் லீவு போட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எட்டு மாதத்தில் உடைந்து போன அதே ஆள் பிறகு ஒன்பது வருஷத்துக்கு மேல் தாங்கினார். (அப்புறம் கிரெடிட் சுவிஸ் வங்கிக்குச் சேர்மனாகப் போய், கொரோனா தனிமைப்படுத்தல் விதியை மீறி 2022 ஜனவரியில் பதவி இழந்தார். லீவு எல்லா வியாதிக்கும் மருந்து இல்லை!)

வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. 1958 ஏப்ரல் கடைசியில் பிரதமர் நேரு தன் கட்சி எம்.பி.க்களிடம், கொஞ்ச காலம் பதவியை விட்டு விலகி இருக்க விரும்புவதாகச் சொன்னார். வயது 68. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஒரே நாற்காலி, போதாததற்கு வெளியுறவுத் துறையும் அவரிடமே. புத்துணர்ச்சி போய்விட்டது, பிரதமராக இல்லாமல் ஒரு சாதாரணக் குடிமகனாகக் கொஞ்ச நாள் இருந்து யோசிக்க வேண்டும் என்று மனுஷன் வாய்விட்டுக் கேட்டார். கட்சி என்ன செய்தது? ஐயோ நீங்கள் போனால் நாடு என்னாவது என்று ஒரே அழுகை, கெஞ்சல். சில நாட்களிலேயே அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். மணாலிக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது நேரு மேல் இல்லை, அந்த எம்.பி.க்கள் மேல். தலைவர் லீவு கேட்கிறார், தொண்டர்கள் தரமாட்டேன் என்கிறார்கள். பாசமாம். பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். அவர் ஆறு மாதம் வெளியே இருந்திருந்தால் யாராவது ஒருவர் அந்த வேலையைப் பார்த்திருப்பார், நன்றாகவோ சுமாராகவோ. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். நேருவுக்கே தெரிந்திருக்கும். அது நடக்காததால் "நேருவுக்குப் பிறகு யார்?" என்ற கேள்வி அடுத்த ஆறு வருஷம் நாடு முழுக்கச் சுற்றியது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் போடும் அளவுக்கு. 1964 ஜனவரியில் புவனேசுவரம் காங்கிரஸ் மாநாட்டில் நேரு உடல்நிலை குலைந்து விழுந்த பிறகுதான், காமராஜ் திட்டத்தில் பதவி விலகியிருந்த லால் பகதூர் சாஸ்திரியை அவசரமாக இலாகா இல்லாத மந்திரியாகத் திரும்பக் கூட்டிவந்தார்கள். நான்கே மாதம். மே 27-இல் நேரு போய்விட்டார். நம் காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்து சண்டை சச்சரவு இல்லாமல் சாஸ்திரியைக் கொண்டுவந்து உட்கார வைத்ததால் தப்பித்தோம். 1958-இல் நிதானமாகச் செய்து பார்த்திருக்க வேண்டிய ஒத்திகையை, 1964-இல் நோயாளியின் படுக்கை பக்கத்தில் செய்தோம். அவர் கேட்டது லீவு. லீவு கொடுக்காததற்கு மரணம் வந்து பதில் சொல்லியது.

இன்றைய நிலைமை இன்னும் மோசம். அன்றைக்கு நேருவாவது வாய்விட்டுக் கேட்டார். 2014-இல் பதவிக்கு வந்ததிலிருந்து பிரதமர் மோடி ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு பிரதமர் அலுவலகம் பதில் சொன்னது. பிரதமர் எப்போதும் பணியில் இருப்பதாகவே கொள்ளலாம் என்றும் அந்தப் பதிலில் இருந்தது. இதைக் கட்சிக்காரர்கள் பெருமையாகப் பரப்பினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அது பொய் என்றார்கள். நிஜமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

விமானம் ஓட்டுகிறவருக்கு நாம் இப்படியா செய்கிறோம்? பைலட்டுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி நேரம் ஓய்வு என்று இருந்ததை 2025-இல் 48 மணி நேரமாக உயர்த்தினார்கள். டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது அந்த விதியின் பெயரும் சந்தி சிரித்தது. விதி வரும் என்று தெரிந்தும் போதுமான பைலட்டுகளை வைத்துக்கொள்ளாத கம்பெனியை விட்டுவிட்டு, ஓய்வு கேட்ட பைலட்டைத் திட்டியவர்களும் இருந்தார்கள். இருந்தாலும், நூற்றெண்பது பேரைச் சுமந்துகொண்டு போகிறவர் தூங்கியாக வேண்டும் என்பதில் யாருக்கும் அடிப்படையில் சந்தேகமில்லை. ஐம்பதாயிரம் பேர் குடும்பத்தைச் சுமக்கிறவர் தூங்காவிட்டால் மட்டும் அட்டைப்படம் போட்டுப் பாராட்டுகிறோம்.

பாராட்டு மட்டுமா, பணமும் கொடுக்கிறோம். எல் அண்ட் டியில் சுப்ரமணியனுக்கு முன்னால் தலைவராக இருந்த ஏ.எம்.நாயக், 1965-இல் சேர்ந்தவர். அவர் 2016-17இல் வாங்கிய தொகையில், பல வருஷங்களாக எடுக்காமல் சேர்ந்த லீவுக்காக மட்டும் 30 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. அரை நூற்றாண்டு லீவு போடாமல் இருந்ததற்குப் பரிசு! அந்த மனுஷர் கம்பெனியை எவ்வளவு பெரிதாக்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, எழுந்து நின்று கும்பிடலாம். ஆனால் லீவைக் காசாக்குகிற இந்த ஏற்பாடு இருக்கிறதே, அது என்ன சொல்லிக்கொடுக்கிறது? லீவு எடுத்தால் நஷ்டம், எடுக்காவிட்டால் லாபம். அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்து வந்தவர் ஞாயிற்றுக்கிழமை கேட்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு, சின்ன வியாபாரி லீவு போட்டால் கல்லாவில் காசு விழுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சி இருக்கிறார். காலை எட்டு மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்து வரை கல்லாவை விட்டு எழ மாட்டார். தீபாவளி அன்றைக்கு மத்தியானம் வரை கடை உண்டு. ஒரு வருஷம் குடலிறக்க ஆபரேஷன் என்று பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். மகன் கடைக்கு வந்தான். எந்தக் கொத்தனாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எந்த ஏஜென்சிக்கு எப்போது செக் போக வேண்டும், பெயிண்டுக்கு எவ்வளவு தள்ளுபடி, ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் கணக்கும் அண்ணாச்சி தலைக்குள். மகன் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்து கேட்டுக் கேட்டுச் செய்தான். அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு நாள் குற்றாலம் போயிருந்தால் அந்தப் பையன் முப்பது வயதுக்குள் வியாபாரி ஆகியிருப்பான். சின்னக் கடைக்குத்தான் இது ரொம்ப அவசியம் என்று நான் நினைக்கிறேன். பெரிய கம்பெனியில் முதலாளி விழுந்தால் போர்டு இருக்கிறது, கீமேன் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். அண்ணாச்சிக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று. லீவு என்று சொல்லிவிட்டு ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுகிற தலைவர்கள் உண்டு. "லீவுலதான் இருக்கேன், அவசரம்னா கூப்பிடுங்க" என்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு உடனே எல்லாமே அவசரம் ஆகிவிடும், யார்தான் பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள்? இது லீவு இல்லை. பில் கேட்ஸ் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு வாரம் தனி வீட்டில் போய் உட்கார்ந்து, ஊழியர்கள் எழுதிய அறிக்கைகளைப் படிப்பாராம். நல்ல பழக்கம்தான், ஆனால் எனக்கு அதுவும் இடம் மாற்றிச் செய்த ஆபீஸ் வேலையாகத்தான் படுகிறது. ரிசர்வ் வங்கி அந்த கிளார்க்குக்கு வைத்த விதிதான் சரி. சேர்ந்தாற்போல் பத்து நாள், எதையும் தொடாதே. தலைவருக்கு ஈமெயிலும் கூடாது என்று நான் ஒரு படி மேலே போவேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது எது அவர் இல்லாமலே நடந்திருக்கிறதோ அதை இனி அவர் செய்ய வேண்டியதில்லை. எது நின்று போயிருக்கிறதோ அதற்கு ஆள் பழக்க வேண்டும். எந்த ஆலோசகருக்கும் காசு கொடுக்காமல் இப்படி ஒரு அறிக்கை வேறு எங்கே கிடைக்கும்?

தலைவர் லீவு போடாத இடத்தில் கீழே இருப்பவன் லீவு போட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதிப்புத்தகத்தில் எத்தனை நாள் இருந்தாலும் சரி. அப்பா இறந்ததற்குக்கூட மூன்றாம் நாள் வேலைக்கு வந்த மேனேஜரிடம் போய், அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் வேண்டும் சார் என்று கேட்க எவனுக்கு வாய் வரும்? சட்டம் கொடுத்ததை அவர் ஒரு வார்த்தை பேசாமலே பிடுங்கிக்கொள்கிறார்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகளின் ஆண்டறிக்கையில், ஒவ்வொரு டைரக்டரும் எத்தனை போர்டு மீட்டிங்குக்கு வந்தார் என்று ஒரு அட்டவணை போடுகிறார்கள். யார் வரவில்லை என்று பார்த்து மானம் வாங்குவதற்கு. அதே அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும். நிர்வாக இயக்குநர் இந்த வருஷம் சேர்ந்தாற்போல் எத்தனை நாள் லீவில் இருந்தார், அப்போது அவர் இடத்தில் யார் இருந்தார். பூஜ்யம் என்று போட்டிருந்தால் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். நம் ஊரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய் டிவிடெண்டையும் அங்கே கொடுத்த டிபனையும் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிற சின்னப் பங்குதாரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அடுத்த தடவை மைக் கையில் கிடைத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: ஐயா, நீங்கள் கடைசியாக எப்போது லீவு போட்டீர்கள், அன்றைக்கு எங்கள் பணத்தை யார் பார்த்துக்கொண்டார்?